எண்ணூறு ஓட்டையும் இரண்டு மூட்டைக் கல்லும்

ஒரு தகட்டில் நாலு ஓட்டை. இரண்டு 8 மில்லிமீட்டர், இரண்டு 13 மில்லிமீட்டர். மொத்தம் 400 தகடு. அப்படியென்றால் 13 மில்லிமீட்டர் ஓட்டை மட்டும் 800. ஓட்டை விளிம்பில் நிற்கிற கூரான பிசிறு போகட்டுமென்று தகடுகளை அதற்கென்று விற்கிற கல்லோடு பீப்பாவில் போட்டு உருட்டினேன். அந்த எண்ணூறில் முக்கால்வாசியில் கல் மாட்டிக்கொண்டு நின்றது. ஒற்றைக் கல்லாக இல்லை. இரண்டிரண்டாக, ஒன்றை ஒன்று முட்டிப் பிடித்துக்கொண்டு, கடைவாய்ப் பல்லிடுக்கில் சிக்கிய கச்சான்கொட்டை மாதிரி நின்றது.

நானும் பட்டறைப் பொடியனும் நாலு இஞ்சி ஆணியும் சின்னச் சுத்தியலுமாக இரண்டு இரவு குந்தியிருந்து தட்டி எடுத்தோம். தட்டும்போது கல் உடைந்தால் பாதி உள்ளேயே நிற்கும். அதைக் கிண்டப் போனால் ஓட்டையின் விளிம்பு கீறும். கீறிய இடத்தில் புதுப் பிசிறு. பிசிறு எடுக்கத்தான் அந்தக் கல்லையே வாங்கினேன்.

மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிக்குடியில் எனக்கு ஒரு சின்ன லேத் பட்டறை இருக்கிறது. இரண்டு லேத், ஒரு டிரில், ஒரு பழைய பவர் பிரஸ். தோணி மோட்டருக்குப் பித்தளை புஷ், லேண்ட்மாஸ்டர் கை உழவு மெசினுக்கு இரும்புப் பின், புல்லி, நெல் வெட்டும் மெசினுக்குத் தகடு, வொஷர் என்று கரையோரமும் வயல்புறமும் கேட்கிற சாமான்கள்தான் எங்கள் வேலை. பெரும்போக வெட்டுக்கு முந்திய இரண்டு மாதம் மூச்சுவிட நேரமிருக்காது.

பிரஸ்ஸில் அடித்த தகட்டின் ஒரு பக்கம் மழமழவென்றிருக்கும், மற்றப் பக்கம் விளிம்பெல்லாம் சவரத் தகடு மாதிரி நிற்கும். அதுதான் பிசிறு. பூட்டுகிறவனின் கையைக் கிழிக்கும், தகடு படியாமல் ஆடும், பெயின்ட் அந்த விளிம்பில்தான் முதலில் உரியும். பல வருடம் இதை அரத்தால்தான் எடுத்தோம். ஒரு தகட்டுக்கு இரண்டு நிமிடம் என்று வையுங்கள். 400 தகட்டுக்கு 13 மணி நேரத்துக்கு மேல். அரம் பிடிக்க ஆள் கிடைப்பதும் குறைந்துபோனது, எல்லாப் பொடியன்களும் கட்டார் போய்விட்டார்கள்.

அதனால்தான் உருட்டும் பீப்பா செய்ய இறங்கினேன். நாலு மில்லிமீட்டர் தகட்டில் எட்டுப் பட்டையாக மடித்து வெல்டிங் செய்தது. குறுக்களவு 40 சென்டிமீட்டர், நீளம் 50. உள்ளே பழைய டியூப் ரப்பரை வெட்டி ஒட்டினேன். வட்டமாகச் செய்திருந்தால் உள்ளே இருக்கிற சாமான் சுவரில் வழுக்கிக்கொண்டே ஓர் இடத்தில் கிடக்கும். எட்டுப் பட்டை இருந்தால் ஒவ்வொரு பட்டையும் சாமானைத் தூக்கிச் சரித்துவிடும்.

வேகத்தில் முதல் அடி வாங்கினேன். நிமிடத்துக்கு அறுபது சுற்றுக்குக் கிட்டக் கொடுத்துவிட்டேன். வேகமாகச் சுற்றினால் வேகமாக வேலை முடியும் என்பதுதானே எங்கள் புத்தி. 40 சென்டிமீட்டர் பீப்பாவில் 67 சுற்று வந்தால் சாமான் சுவரோடு ஒட்டிக்கொண்டு கூடவே சுற்றும், விழவே விழாது. 42.3 ஐ மீட்டரில் சொன்ன குறுக்களவின் வர்க்கமூலத்தால் வகுத்தால் இந்த எண் வரும். அதற்குச் சற்றுக் கீழே ஓடினால் உச்சிவரை போய் அங்கிருந்து குதிக்கும். என் பின்கள் அப்படிக் குதித்துத்தான் தலையெல்லாம் நசுங்கின. நமக்கு வேண்டியது குதிப்பதல்ல, சரிவது. 67 இன் பாதிக்கும் கீழே, 28 அல்லது 30 சுற்றில் நிறுத்தினேன். காதே போதும் இதற்கு. வேகம் கூடினால் டக் டக்கென்று அடிவிழும். சரியான வேகத்தில், அலை திரும்பிப் போகும்போது சிப்பியை இழுத்துக்கொண்டு போகுமே, அந்தச் சர்ரென்ற சத்தம் வரும்.

சரி, உள்ளே என்ன போடுவது? காசு செலவில்லாமல் பார்ப்போமென்று முதலில் வீடு கட்ட வந்த முக்கால் இஞ்சிச் சல்லியைப் போட்டேன். பிசிறு போனது உண்மை. ஆனால் சல்லி தன்பாட்டுக்கு உடைந்து கூராகி, தகட்டில் கோடு கோடாக இழுத்துவிட்டது. உடைந்த பாத்ரூம் டைல் போட்டுப் பார்த்தேன், மேலே இருக்கிற கண்ணாடிப் பூச்சு கூரான சில்லாகப் பெயர்ந்தது. முந்தின காலத்தில் ஆலைகளிலும் இயற்கைக் கல்லைப் போட்டுத்தான் உருட்டினார்கள். அதற்கென்று பொறுக்கி, அளந்து, உருட்டிப் பழக்கிய கல் அது. எங்கள் முற்றத்துச் சல்லி அல்ல.

செராமிக் கல் என்று ஒன்று இருப்பதை அதற்குப் பிறகுதான் தேடிப் பிடித்தேன். கொழும்பில் ஒரு கடைக்குப் போன் எடுத்து "டம்ப்ளிங் மீடியா இருக்கா?" என்று கேட்டால், "எத்தனை டம்ளர் வேணும்?" என்று கேட்டார்கள். பீப்பாவில் போட்டு உருட்டுகிற கல் என்று விளக்கிய பிறகுதான் வேறொரு இலக்கம் தந்தார்கள்.

செராமிக் கல் என்பது களிமண்ணையும் வெட்டும் மணியையும் சேர்த்துப் பிசைந்து சுட்டது. வெட்டும் மணி பெரும்பாலும் அலுமினியம் ஒக்சைட்டாக இருக்கும், எமரி பேப்பரிலும் கிரைண்டர் கல்லிலும் இருக்கிற அதே சாமான். இடியப்ப உரலில் மா பிழிவது மாதிரி இதைப் பிழிவார்கள். அச்சு முக்கோணமாக இருந்தால் முக்கோணக் கம்பி வரும், வட்டமாக இருந்தால் உருளைக் கம்பி. அதைச் சரிவாக நறுக்கிக் காயவைத்து ஆயிரம் பாகைக்கு மேல் சூட்டில் சுடுவார்கள். சரிவாக நறுக்குவதால் கல்லுக்கு ஒரு கூர் வருகிறது. மூலைக்குள் போய்ச் சுரண்டுவது அந்தக் கூர்தான்.

மணி அதிகமாக இருந்தால் கல் வேகமாக வெட்டும், வேகமாகத் தானும் தேயும். மணி குறைந்தால் மெதுவாக வெட்டும், நெடுநாள் உழைக்கும். மணியே இல்லாமல் வெறும் பீங்கானாகவும் வருகிறது, அது வெட்டாது, மினுக்கும். கையிலெடுத்தாலே வித்தியாசம் தெரியும். வெட்டும் கல் விரலில் கரகரக்கும், மினுக்கும் கல் தேத்தண்ணீர்ப் பீரிசின் மேல்பக்கம் மாதிரி வழுக்கும்.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. "இரும்புக்கு, பிசிறுக்கு" என்றேன். "பத்துக்குப் பத்து முக்கோணம் நல்லாப் போகுது, எடுங்க" என்றார்கள். 25 கிலோ மூட்டை இரண்டு பஸ்ஸில் வந்து இறங்கியது. கடைக்காரரில் பிழையில்லை. அவர் ஓட்டையின் அளவைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அந்த 13 மில்லிமீட்டர் ஓட்டையைத் தினமும் அடித்துக்கொண்டிருந்தவன் நான்தானே.

முதல் தடவை போட்ட நூற்றிச்சொச்சம் தகட்டிலேயே கல் மாட்டியதைக் கண்டேன். குலுக்கினால் விழுந்துவிடும், கடைசியில் ஒரேயடியாகப் பார்க்கலாம் என்று அடுத்த இரண்டு தடவையையும் ஓட்டினேன். அந்தப் புத்திக்குத்தான் இரண்டு இரவுத் தண்டனை.

அப்படியும் சிலது தப்பிப் போய்விட்டது. அக்கரைப்பற்றில் எங்களிடம் தகடு எடுக்கிற முஸ்லிம் வியாபாரி ஒருவர் இருக்கிறார், காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவேன். அடுத்த நாள் போன் எடுத்தார்.

"தம்பி, கல்லையும் சேத்தா நிறுத்து வித்த நீங்க?"

"இல்ல காக்கா, அது உருட்டேக்க மாட்டினது."

"மாட்டினா தட்டி எடுக்கிறல்லவா? ரெண்டு மெசினுக்குப் பூட்டப்போய்ப் போல்ட் இறங்குதில்ல. சரி சரி, மறுகா வரக்குள்ள அந்தக் கல்லயும் கொண்டாங்க, பாப்பம்."

கொண்டுபோனேன். மனுசன் கல்லைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார். ஒரு கல்லை எடுத்து ஓட்டைக்குள் விட்டார், விழுந்தது. இரண்டைச் சேர்த்து விட்டார், நின்றது. "இதென்ன, இஞ்சயே தெரியுதே" என்றார். சாமான் விற்கிறவருக்கு ஒரு நிமிடத்தில் தெரிந்தது எனக்கு இரண்டு மூட்டை வாங்கிய பிறகுதான் தெரிந்தது.

அன்றிலிருந்து புதுக் கல்லோ புதுச் சாமானோ எது வந்தாலும் முதலில் இதைத்தான் செய்கிறேன். சாமானில் ஒன்றைக் கையில் எடுத்து, அதிலுள்ள ஒவ்வொரு ஓட்டைக்கும், வெட்டுக்கும், மூலைக்கும் கல்லை விட்டுப் பார்ப்பது. நேராக, குறுக்காக, கூர் முன்னுக்காக. பிறகு இரண்டு கல், பிறகு மூன்று கல். கையால் அமத்தி மாட்டுகிற கல் பீப்பாவில் மாட்டியே தீரும். ஆறு மணி நேரம் அதற்கு வேறு வேலையே இல்லை.

கணக்காகச் சொன்னால் இரண்டு வழிதான் உண்டு. ஒன்று, கல் ஓட்டையைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், எந்தப் பக்கம் திருப்பினாலும் உள்ளே போகக் கூடாது. அல்லது ஓட்டையில் மூன்றில் ஒரு பங்குக்கும் சிறிதாக இருக்க வேண்டும், மூன்று கல் சேர்ந்து வந்தாலும் உருண்டு வெளியே போகிற மாதிரி. நடுவில் இருக்கிற அளவெல்லாம் வம்பு. 13 ஓட்டைக்குப் 10 மில்லிமீட்டர் கல் என்பது நட்டநடுவில் நின்ற வம்பு.

மூன்றில் ஒரு பங்கென்றால் 4 மில்லிமீட்டர் கல். அது ஓட்டைக்குள் புகுந்து நன்றாகத் துலக்கும். ஆனால் 5 மில்லிமீட்டர் தகட்டில் பிரஸ் அடித்த பிசிறு தடிப்பானது. சின்னக் கல்லுக்குப் பாரமில்லை, அது தடவிக்கொண்டே இருக்கும், பிசிறு அசையாது. கல் பெரிதானால் வெட்டு வேகம், ஆனால் மேற்பரப்பு கரடாகும். சிறிதானால் மேற்பரப்பு வழவழப்பு, ஆனால் நேரம் தின்னும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது. வெட்டு மெசின் தகட்டை யாரும் ஆலாத்தித் தட்டில் வைக்கப் போவதில்லை என்பதால் 20 மில்லிமீட்டர் முக்கோணத்துக்குப் போனேன். அது ஓட்டைக்குள் போகாது, ஆனால் அதன் கூர் ஓட்டையின் வாயில் குத்திக் குத்தி விளிம்பை உடைத்துவிடும். அதற்குமேல் என்ன வேண்டும்?

புதுக் கல்லை நேரே சாமானோடு போடக் கூடாது என்பதையும் அந்த 20 மில்லிமீட்டர் கல்தான் சொல்லித் தந்தது. சுட்ட கல்லின் விளிம்புகள் முதல் சில மணி நேரம் சிம்பு சிம்பாக உதிரும், அந்தச் சிம்புகள் 8 மில்லிமீட்டர் ஓட்டையில் போய்ச் செருகும். வெறும் தண்ணீரோடு மூன்று நாலு மணி நேரம் கல்லை மட்டும் உருட்டிக் கழுவிவிட்டுத் தொடங்கினால் அந்தக் கரைச்சல் இல்லை.

கல் தேயும் என்பது எல்லோருக்கும் தெரியும். தேய்ந்து எங்கே போய் நிற்கும் என்பதைத்தான் யோசிப்பதில்லை. 20 ஆக வாங்கிய கல் ஒருநாள் 13 ஆகத்தான் போகிறது. அன்றைக்கு அது பழைய வம்புக் கல். மேசன்மார் மண் அரிக்கிற அரை இஞ்சிக் கண் அரிதட்டு ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். மாதத்துக்கு ஒருமுறை கல் முழுவதையும் அதில் போட்டு அரிப்பது. கீழே விழுவது வேறு வாளிக்குப் போகும், அது சின்ன ஓட்டை இல்லாத பின்களுக்கு. குறைந்த இடத்துக்குப் புதுக் கல். ஒரேயடியாகக் கொட்டாமல் இடைக்கிடை கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் பீப்பாவில் பெரிசும் சிறிசும் கலந்து நிற்கும், மூலைகளுக்கும் நல்லது.

எவ்வளவு கல்லுக்கு எவ்வளவு சாமான்? வாளியால் அளக்கிறேன், தராசால் அல்ல. இரும்புத் தகட்டுக்கு மூன்று வாளி கல், ஒரு வாளி சாமான். பித்தளைக்கு ஐந்து ஆறு வாளிக்கு ஒன்று. மெல்லிய ஓரமோ திருகுப் புரியோ உள்ள சாமான் என்றால் எட்டுப் பத்துக்கு ஒன்று, இல்லாவிட்டால் சாமானும் சாமானும் மோதிப் புரி நசுங்கும். ஓடர் அவசரம் என்று சாமானைக் கூடப் போட்டால், கல் வேலை செய்யாது, சாமான் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். பீப்பா எல்லாம் சேர்த்துப் பாதிக்குச் சற்று மேலே நிறைந்தால் போதும். நிரப்பினால் சரிய இடமில்லை.

தட்டையான தகட்டுக்கு இன்னொரு குணம் உண்டு. ஈரத்தில் இரண்டு தகடு முகத்தோடு முகம் ஒட்டிவிட்டால் பிரியாது, உள்முகம் அப்படியே கறுப்பாக இருக்கும். தண்ணீரைக் குறைத்து, கல்லைக் கூட்டி, நாலைந்து உருளைக் கல்லும் கலந்தால் குறையும். முழுவதும் போகாது. பத்தில் ஒன்று ஒட்டித்தான் வரும், அதைத் திரும்பப் போடுகிறேன்.

கல்லைப் பற்றி இவ்வளவு கதைக்கிறோம், பாதி வேலை தண்ணீரிலும் சோப்பிலும் இருக்கிறது. ஆரம்பத்தில் சட்டி கழுவுகிற திரவத்தை ஊற்றினேன். திறந்தால் பீப்பா நிறைய நுரை. நுரை மெத்தை மாதிரி நடுவில் நின்றால் கல் எப்படி வெட்டும்? நுரைக்காத சாமான் வேண்டும். இரும்புக்கு நான் போடுவது சலவைச் சோடாவும் மிகக் கொஞ்சம் சோப்பும்தான். சோடா எண்ணெயைக் கழுவும், காரத் தண்ணீரில் இரும்பு சட்டென்று துருப்பிடிக்காது. பட்டறைக் கிணறு கடலிலிருந்து கூப்பிடு தூரம், தண்ணீர் கொஞ்சம் உவர். அதில் உருட்டிய தகடு காய்வதற்குள் மஞ்சளாகிவிடும். கழுவுவதற்காவது குழாய்த் தண்ணீர் எடுங்கள்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் வெட்டிய காலம் நினைவிருக்கும். ஓடிக்கொண்டிருந்த பீப்பா பின்னேரம் நின்றது. இரவு வரும் வரும் என்று பார்த்துவிட்டு அப்படியே பூட்டிப் போய்விட்டேன். அன்றைக்கென்று சோடா முடிந்து வெறும் கிணற்றுத் தண்ணீர். காலையில் திறந்தால் தேத்தண்ணீர் நிறத்தில் பின்கள், கல் எல்லாம் காவி. பின்னைத் திரும்ப உருட்டி எடுத்துவிட்டேன். கல்லில் ஏறிய காவி பல நாள் போகவில்லை. இப்போது கரண்ட் போனால் பத்து நிமிடம் பொறுப்பேன், பிறகு மூடியைத் திறந்து சாமானை வெளியே எடுத்துவிடுவேன்.

சோடாவைப் புகழ்ந்துவிட்டேன், அதே சோடாதான் என்னைக் கொல்லப் பார்த்தது. ஒருவர் அலுமினியப் புல்லி நாற்பது கொண்டுவந்தார். இரும்புக்குச் செய்கிற மாதிரியே இதே கல், இதே சோடா, மூடியை நாலு போல்டும் இறுக்கி ஓட்டிவிட்டேன். இரண்டு மணி நேரம் போயிருக்கும். பீப்பாவிலிருந்து உஸ்ஸென்று ஒரு சத்தம், சைக்கிள் டியூப் காற்று இறங்குகிற மாதிரி. மூடி ரப்பரின் ஒரு பக்கத்தால் கறுப்பு நுரை கொப்பளித்து வழிகிறது. சுவிட்சை நிறுத்திவிட்டு ஸ்பேனரோடு கிட்டப் போனேன். ஒரு போல்டைத்தான் தளர்த்தினேன், மூடி படாரென்று ஒரு பக்கம் தூக்கி, கறுப்புத் தண்ணீர் நெஞ்சிலிருந்து முகம்வரை அடித்தது. கண்ணாடி போட்டிருந்தபடியால் கண் தப்பியது.

அலுமினியமும் காரமும் சேர்ந்தால் ஹைட்ரஜன் வாயு கிளம்பும். பூட்டிய பீப்பாவுக்குள் அது போக இடமில்லாமல் அமுங்கி நிற்கும். நெருப்புப் பிடிக்கிற வாயு வேறு. எங்களோடு வேலை செய்கிற பெரியவர் எந்நேரமும் பீடியோடு நிற்பவர். அந்த நேரம் தேத்தண்ணீர்க் கடைக்குப் போயிருந்தார். இப்போது நினைத்தாலும் வயிறு கலங்கும்.

புல்லிகள் எப்படி வந்தன என்று கேட்பீர்கள். அடுப்புக்கரி பூசின மாதிரி வந்தன, தொட்டால் கையெல்லாம் கறுப்பு. அலுமினியத்துக்குக் காரம் கூடாது, பூட்டிய பீப்பாவும் கூடாது, பாரமான செராமிக் கல்லும் முதல் தெரிவல்ல. அதற்குப் பிளாஸ்டிக் கல் இருக்கிறது, ரெசினில் வெட்டும் மணி கலந்து கூம்பாக வார்த்தது. செராமிக் கல் ஒரு லீட்டர் வாளிக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ நிற்கும், பிளாஸ்டிக் கல் ஒரு கிலோவும் வராது. அந்த மென்மை போதும், அலுமினியம் நசுங்காமல் ஒரே சீராக மங்கின வெள்ளையாக வரும். முலாம் பூசவோ பெயின்ட் அடிக்கவோ அதுதான் நல்லது. இன்னொன்று, அலுமினியம் உருட்டிய கல்லில் இரும்பை உருட்டுவதில்லை, இரும்பு உருட்டியதில் அலுமினியத்தையும் இல்லை. கறை மாறும் என்பது ஒரு காரணம். அலுமினியத் தூளும் துருத்தூளும் சேர்ந்து காய்ந்து கிடந்தால் ஒரு தீப்பொறியிலேயே பற்றக்கூடும், தண்டவாளத்தை ஒட்டவைக்கப் பற்றவைக்கிறார்களே, அதே கலவைதான் அது.

பித்தளை புஷ் கதை கொஞ்சம் நல்ல கதை. உள் ஓட்டை 25 மில்லிமீட்டர், பக்கச் சுவரில் கிறீஸ் போக 6 மில்லிமீட்டர் ஓட்டை. 25 க்கு 6 மில்லிமீட்டர் கல் பொருந்தும், மூன்றில் ஒரு பங்குக்குள் நிற்கிறது. ஆனால் கிறீஸ் ஓட்டையில் அதே கல் கணக்காகப் போய் இறுகும். பெரிய கல் போட்டால் உள்ளே போகாது, 2 மில்லிமீட்டர் போட்டால் வெட்டாது. மூன்று நாள் யோசித்து, எந்தக் கல்லை வாங்குவதென்று ஆளுக்காள் போன் எடுத்து விசாரித்துக்கொண்டிருந்தேன். பொடியன் ஒருநாள் சும்மா கேட்டான், "அண்ணன், கிறீஸ் ஓட்டையை உருட்டின பிறகு அடிச்சா என்ன?" என்று. அவ்வளவுதான். உருட்டிவிட்டு ஓட்டை அடித்தோம். உள்பக்கம் வருகிற பிசிறைக் கடைசியாக உள் ஓட்டையை அளவாக்க ரீமர் விடும்போது அதுவே எடுத்துவிடுகிறது. கல்லை மாற்றாமல் வேலையின் வரிசையை மாற்றுவது என்று ஒரு வழி இருப்பதே எனக்குத் தோன்றவில்லை. அவனுக்கு அந்த மாதம் சம்பளத்தோடு ஒரு சேர்ட்டும் எடுத்துக் கொடுத்தேன். பிறகு மினுக்குவதற்காகப் பீங்கான் குண்டில் ஒரு மணி நேரம் போட்டால் பித்தளை குத்துவிளக்கு மாதிரி வரும். குண்டு மூலைக்குள் போகாது, மூலையில்லாத சாமானுக்கு மட்டும் சரி.

இடையில் ஒரு தடவை கல் வெட்டுவதையே நிறுத்திவிட்டது. ஆறு மணி நேரம் ஓட்டியும் பிசிறு அப்படியே. எடுத்துப் பார்த்தால் கல் மினுமினுவென்று கண்ணாடி பூசிய மாதிரி. லேத்திலிருந்து எண்ணெயோடு வந்த பின்களைக் கழுவாமலே நாங்கள் போட்டுவந்ததில் எண்ணெயும் இரும்புத்தூளும் கல்லின் முகத்தை அடைத்துவிட்டன. தண்ணீர் மிகக் குறைவாக இருந்தாலும் இப்படி ஆகும். கல்லை எறியத் தேவையில்லை. உடைந்த கிரைண்டர் கல்லைச் சுத்தியலால் நொறுக்கி, சோடாத் தண்ணீரோடு இரண்டு மணி நேரம் கல்லை மட்டும் உருட்டினேன், கரகரப்பு திரும்பி வந்தது. அதன்பிறகு எண்ணெய்ச் சாமான் எதுவும் கழுவாமல் உள்ளே போவதில்லை.

காயவைக்கிற விடயத்தில் எங்கள் ஊருக்கு ஒரு வசதி. வெயில்காலத்தில் கச்சான் காற்று வீசும்போது சுடுதண்ணீரில் முக்கியெடுத்துத் தகரத்தில் பரப்பினால் சில நிமிடத்தில் காய்ந்துவிடும். மாரியில்தான் பாடு. சம்மாந்துறை மில்லிலிருந்து உமி ஒரு சாக்கு எடுத்து அதற்குள் பிரட்டிப் பார்த்தேன், ஈரத்தை இழுக்கிறது. ஆனால் உமியில் மணல் மாதிரி சிலிக்கா இருக்கிறது. இரும்புக்குத் தெரியாது, மினுக்கிய பித்தளையில் மெல்லிய கீறல் தெரியும். மரத்தூள் நல்லது, எந்த மரத்துத் தூளென்று பாருங்கள். துவர்ப்புள்ள மரத்தின் தூள் ஈர இரும்பில் பட்டால் நீலக் கறுப்புக் கறை விழும்.

கழுவின தண்ணீரைப் பற்றி ஒரு வெட்கக்கேடான கதை. ஒரு வருடம் முழுக்க முன்னாலிருக்கிற கானுக்குள்தான் ஊற்றினேன். கல் தேய்ந்த களியும் இரும்புத்தூளும் அடியில் படிந்து சீமெந்து மாதிரி இறுகிவிட்டது. அடுத்த மாரிக்குப் பக்கத்து வீட்டு முற்றத்தில் முழங்கால் தண்ணீர். அந்த அக்கா ஏசிய ஏச்சை இங்கே எழுத முடியாது, எழுதினாலும் நியாயம் அவர் பக்கம். அலவாங்கு போட்டு இரண்டு நாள் உடைத்தோம். அந்தக் கான் போய்ச் சேர்வது வாவிக்கு. இப்போது இரண்டு பிளாஸ்டிக் பீப்பாய் வைத்து, ஒன்றில் படியவிட்டு மற்றதுக்கு மேல்தண்ணீரை மாற்றுகிறேன். அடியில் நிற்கிற களியை ஈரத்தோடே சாக்கில் கட்டிவிடுகிறேன். காயவிட்டுக் கூட்டினால் அந்தப் புழுதி நெஞ்சுக்குள் போகும்.

போன வருடம் பழைய அதிரும் சட்டி ஒன்று வாங்கினேன், கல்லையும் சாமானையும் அதிர்த்தே சுழற்றுவது, 60 லீட்டர். மனுசி அதற்கு வைத்த பெயர் பேய்ச்சட்டி, அவ்வளவு சத்தம். பீப்பாவில் ஆறு மணி நேரம் எடுத்த தகடு இதில் ஒன்றரை மணி நேரத்தில் முடிகிறது, ஓடும்போதே கையைவிட்டு ஒன்றை எடுத்துப் பார்க்கலாம். பீப்பாவைப் போலப் பாதி நிரப்பினால் இது சுழலாது, முக்காலுக்கு மேல் நிறைய வேண்டும், அதனால் கல் மூன்று மூட்டை தேவைப்பட்டது. ஓட்டைக் கணக்கு மட்டும் இதிலும் அதேதான்.

போன கிழமை அக்கரைப்பற்றுக் காக்கா புது மாதிரித் தகடு ஒன்று அனுப்பியிருக்கிறார், 600 வேண்டுமாம், சிறுபோக வெட்டுக்கு முன்னம். நடுவில் பெரிய ஓட்டை ஒன்று, 22 மில்லிமீட்டர். சட்டியிலிருந்து ஐந்தாறு கல்லை எடுத்துவந்து மேசையில் வைத்துவிட்டுப் பார்த்தேன். ஒன்று விட்டால் விழுகிறது. சற்றுத் தேய்ந்த இரண்டைச் சேர்த்து விட்டால் நிற்கிறது. போன் எடுத்தேன்.

"காக்கா, அந்த நடு ஓட்டை 22 ஆகத்தான் இருக்கணுமா? 18 ஆக்கினா உங்கட போல்டுக்குப் போதாதா?"

"ஏன் தம்பி, கல்லு மாட்டுதா?"

"ஓம்."

சிரித்துவிட்டு, மெசின்காரரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.